மொரப்பூர் சிற்றிரயிலும் நான்கடிப் பலகையும்

தகடூர் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர்க்கு அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் நினைவுக்கு வருவர். புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் அஞ்சியின் பகைவரை எச்சரிக்கிறார். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்க வல்ல தச்சன் ஒருவன், ஒரேயொரு சக்கரத்துக்கு ஒரு மாதம் உழைத்தால் அச்சக்கரம் எத்தகையதாக இருக்குமோ, எம் தலைவன் அத்தகையவன் என்கிறார். வகுப்பறையில் இப்பாட்டை நடத்தும்போது மாணவர் உள்ளம் அஞ்சியின் வீரத்தை நோக்கிச் செல்லும். நம் உள்ளம் மட்டும் அந்தத் தச்சனிடம் நின்றுவிடும். எட்டுத் தேர் செய்யத் தெரிந்தவன் ஒரு சக்கரத்துக்கு ஏன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டான்?

அந்தத் தகடூரே இன்றைய தருமபுரி. கல்லூரிப் பணியும் விடைத்தாள் திருத்தமும் போக மிஞ்சும் நேரத்தில், வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் நாம் ஒரு மாதிரி இருப்புப்பாதை அமைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் ஓடி மறைந்த சிற்றிரயிலின் ஒரு நிலையம் அது. இக்கட்டுரை அந்தச் சிற்றிரயிலின் வரலாற்றையும், குறைந்த நேரமே உடையவர் அத்தகைய பாதையொன்றைத் தேர்வதில் உள்ள பொருத்தத்தையும் பற்றியது.

முதலில் வரலாறு. சென்னையிலிருந்து மேற்கே நீண்ட அகலப்பாதை 1861இல் சேலத்தை அடைந்தது. அப்பாதையில் தருமபுரிக்கு அண்மையிலுள்ள நிலையம் மொரப்பூர். அண்மை என்றாலும் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கொடுமையாகத் தாக்கியது. அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் தருமபுரியும் கிருட்டிணகிரியும் இருந்தன. (தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், அதிலிருந்து கிருட்டிணகிரி பிரிந்தது 2004இல்.) துறைமுகத்தில் தானியம் வந்திறங்கினாலும் உள்நாட்டுச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்க்க வழியில்லாமற் போனது அப்பஞ்சத்தின் பெருங்கொடுமைகளுள் ஒன்று. 1880இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையம் இருப்புப்பாதைகளைப் பெருக்கச் சொன்னது. அந்தச் சிந்தனையின் வழியில் இப்பகுதிக்கு இரு குறும்பாதைகள் வந்தன. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருட்டிணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரயில் ஓடத் தொடங்கியது. பின்னது 1913இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது.

இரு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. முதன்மைப் பாதையிலோ ஐந்தரை அடி, 1676 மி.மீ. ஆகவே மொரப்பூரில் வண்டிகள் ஒரு பாதையிலிருந்து மறுபாதைக்கு மாற இயலாது. பொருள்கள்தாம் மாற வேண்டும். மாற்றியவை மனிதத் தோள்கள். இத்தகைய சந்திப்புகளில் ஒவ்வொரு மூட்டையும் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி இன்னொரு பெட்டிக்கு ஏறியாக வேண்டும். செலவைக் குறைக்கப் பாதையைச் சுருக்கியவர்கள், அந்தச் செலவின் ஒரு பங்கைச் சுமைதூக்குவோர் முதுகில் ஏற்றினர் என்று சொன்னால் மிகையாகாது.

1930களில் மோட்டார் பேருந்துகளின் போட்டி நாடெங்கும் கிளைப்பாதைகளை நலிவித்தது. பின்னர் உலகப்போர் வந்தது. இரும்பின் தேவை பெருகியது. 1941இல் மொரப்பூர்-ஓசூர் குறும்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பஞ்சத்துக்காக வந்த பாதை போருக்காகப் போயிற்று. அதன் ஆயுள் 35 ஆண்டுகள். இன்று தருமபுரி வழியே பெங்களூரு-சேலம் அகலப்பாதை செல்கிறது. ஆயினும் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் ஒலித்தது. 2019இல்தான் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இனி மாதிரிக்கு வருவோம். பொம்மை இரயில் ஓட்டுவது சிறுபிள்ளை வேலை என்பார் உளர். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி வரும் சிறுவரின் வழியைப் பொற்குழை ஒன்று மறிப்பதை நாம் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுகிறோம்; ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமே சிறுதேர்தான். அவற்றைப் போற்றும் நாமே ஒரு சிறு இயந்திரத்தைக் கண்டால் நாணுவானேன்?

செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் இரயிலையும் அதற்குரிய ஒழுங்குபட்ட பாதை அளவுகளையும் காட்சிக்கு வைத்தது. எந்தத் தண்டவாளத்தையும் எதனோடும் பொருத்தி வளர்க்கலாம் என்ற நிலை அங்கிருந்து தொடங்கியது. 1920இல் இங்கிலாந்தில் ஹார்ன்பி இரயில்கள் வந்தன. அளவுகள் படிப்படியாகச் சிறுத்தன. இன்று உலகில் மிகப் பரவலாக வழங்குவது எச்.ஓ. எனப்படும் 87இல் ஒரு பங்கு அளவு. இந்தியாவில் இத்துறையில் பெரிதாகச் சாதித்தவர் புணேயின் பாவு ஜோஷி. பல ஆண்டுக்காலத் தனிப்பட்ட ஈடுபாட்டின் பயனாக அவர் அமைத்த சிற்றிரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 1 அன்று கோத்ருடில் திறக்கப்பட்டது. விளக்குகளும் கைகாட்டிகளும் ஒருசேர இயங்க ஒரு நகரமே விரியும் அக்காட்சி, பார்ப்பவரைப் பரவசப்படுத்தும். வீடு திரும்பியதும் நம்மால் ஆகாது என்று சோர்வடையவும் செய்யும்.

அந்தச் சோர்வைக் கணக்குப் போட்டே களையலாம். இன்றைய அகலப்பாதையில் ஒரு பயணிகள் பெட்டி 22 மீட்டரைத் தாண்டும். அத்தகைய 24 பெட்டிகள் கொண்ட விரைவு வண்டியை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஆறு மீட்டருக்கு மேல் வரும். நம் வீட்டுக் கூடத்தின் நீளமே அவ்வளவு இல்லை! மேலும் 1676 மி.மீ. அகலம் இந்த அளவில் 19.3 மி.மீ. ஆகிறது, கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. ஆக, நம் நாட்டு அகலப்பாதையைச் செய்பவர் தொடக்கத்திலேயே ஒரு பொய்யை ஏற்றுக்கொள்ள வேண்டியவராகிறார்.

குறும்பாதையைப் பாருங்கள். 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76. 'என்' அளவுச் சிற்றிரயில்களுக்காக உலகெங்கும் விற்கப்படும் தண்டவாளத்தின் அகலம் 9 மி.மீ. கால் மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் அறியாது. ஆகவே 'என்' அளவு இயந்திரத்தின் சக்கரச் சட்டத்தை வாங்கி, அதன்மேல் எச்.ஓ. அளவில் உடற்கூட்டை அட்டையிலும் பித்தளைத் தகட்டிலும் நாமே செய்து பொருத்தலாம். மேலைநாட்டார் பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். நான்கடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட பிளைவுட் பலகை இந்த அளவில் 106 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள நிலமாகிவிடும். ஒரு சிற்றூர் நிலையத்தின் நடைமேடை, சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு புளியமரங்கள் ஆகியவற்றுக்கு அது போதும். 15 மீட்டர்ப் புளியமரம் 17 செ.மீ. உயரம் வரும், மனிதர் இரண்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைவர்.

மேலைநாட்டார் என்றோம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் லீக் அன்ட் மேனிஃபோல்ட் என்றொரு சிறு இரயில் இருந்தது. 1904இல் பிறந்து 1934இல் மறைந்தது. நீளம் 13 கி.மீ.தான். அதுவும் இரண்டரை அடிப் பாதை. அதன் பொறியாளர் கால்த்ராப், நம் நாட்டின் பார்சி சிற்றிரயிலை (1897) உருவாக்கியவர். அதனால் அந்த ஆங்கிலப் பள்ளத்தாக்கில் ஓடிய இயந்திரங்கள் பெரிய முன்விளக்கும் வெப்பநாட்டுக் கூரையுமாக இந்தியச் சாயலிலேயே இருந்தன. மொத்தம் இரண்டே இயந்திரங்கள், நான்கே பயணிகள் பெட்டிகள்! குறைந்த நேரம் உள்ளவர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அங்குள்ள ஆர்வலர்கள் அதை மீண்டும் மீண்டும் தம் வீடுகளில் ஓட்டினர். அதன் தடமும் 1937இல் நடைபாதையாக்கப்பட்டு இன்றும் மக்கள் காலடியில் வாழ்கிறது. அதைவிட ஐந்தாண்டுகள் நெடுங்காலம் உயிரோடிருந்த நம் மொரப்பூர் இரயிலை நினைவுகூர இந்த மாவட்டத்தில் ஒரு நான்கடிப் பலகையேனும் இருக்கட்டுமே என்பதே நம் எண்ணம்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரநாளில் அரைமணி, ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணி நேரம். நம் கணக்கு இவ்வளவே. தேர்வுக் காலத்தில் அதுவும் இல்லை. இதில் நமக்கு வழிகாட்டியவர் பீட்டர் டென்னி என்ற ஆங்கிலப் பாதிரியார். 1940களின் பிற்பகுதியில் தொடங்கி, பங்குப்பணிகளுக்கு இடையே, பக்கிங்காம் என்னும் கற்பனைக் கிளைப்பாதையைப் பல பத்தாண்டுகள் வளர்த்தவர். தண்டவாளம், வண்டி, கட்டடம் என எல்லாம் பெரும்பாலும் கைவேலை. உடன் இயக்கிய மகன் கிறிஸ்பின் வளர்ந்து வீட்டைவிட்டுச் சென்றபின், அவர் பார்த்த வேலையைப் பார்க்க ஓர் இயந்திரத்தைச் செய்து, அதற்குத் 'தானியங்கிக் கிறிஸ்பின்' என்று பெயரிட்டார். வேடிக்கையான பெயர், ஆனால் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீட்டினருக்கு அது வேடிக்கையாக மட்டும் இராது.

ஆலன் ரைட் என்பார் வகுத்த 'இங்கிள்நூக்' முறையும் நமக்குப் பெருந்துணை. மூன்று கிளைத்தடங்கள், ஒன்றில் ஐந்து பெட்டிகளும் மற்றவற்றில் மும்மூன்றும் நிற்க இடம். எட்டுச் சரக்குப் பெட்டிகளில் ஐந்தைச் சீட்டெடுத்துக் குறித்த வரிசையில் கோத்து நிறுத்துவதே ஆட்டம். எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படுத்த 6720 வழிகள் உண்டு. ஞாயிறுதோறும் ஒன்றாக ஆடினால் முடிக்க 129 ஆண்டுகள் ஆகும். அசல் இரயிலின் ஆயுளைப்போல் மூன்றரை மடங்கிற்கும் மேல். மொரப்பூரின் மாற்றுத் தளத்துக்கு இவ்வமைப்பு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அகலப்பாதையைப் பின்புறம் ஓர் அசையாச் சரக்குப் பெட்டியால் உணர்த்திவிட்டு, முன்புறம் சிற்றிரயிலை மட்டும் இயக்குகிறோம்.

பொருள்கள் பெரும்பாலும் இவ்வூரே தந்தவை. கருங்கல் குவாரித் துகளைத் தேநீர் வடிகட்டியில் சலித்தால் 87இல் ஒரு பங்குச் சல்லி கிடைக்கிறது. அதைத் தடத்தில் பரப்பி, ஃபெவிகாலை மும்மடங்கு நீரில் கரைத்து ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்பு சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பில்லையேல் நீர் உருண்டு சல்லியையும் இழுத்துச் சென்றுவிடும். பாறைகளுக்கு மட்டும் தெர்மகோலை நாடவில்லை. தருமபுரியில் பாறைக்குப் பஞ்சமா?

இவ்வேலையின் பயன் பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. தொடங்கிய ஆண்டையும் மூடிய ஆண்டையும் நூல் கூறினால் வரலாற்று மாணவன் நிறைவடைந்துவிடுவான். பலகையோ வேறு கேள்விகளைக் கேட்கும். இயந்திரத்துக்கு நீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது? மூட்டை சுமந்தோர் வெயிலில் எங்கே அமர்ந்தனர்? நடைமேடையில் யாரை நிறுத்துவது?

இந்த இறுதிக் கேள்விதான் நம்மை நெடுநாள் அலைக்கழித்தது. தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாசு அடிக்கல் நாட்டினார். சிறைவாழ்வில் பற்றிய தொழுநோயைக் காரணம் காட்டி, சிவா இரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடுத்திருந்தது. அவர் ஊர் ஊராக நடந்தார், கட்டைவண்டியில் சென்றார். 1925 சூலை 23 அன்று அவர் பாப்பாரப்பட்டியில் மறைந்தபோது, சில கல் தொலைவிலுள்ள தருமபுரி நிலையத்தில் நம் சிற்றிரயில் வழக்கம்போல் வந்து போய்க்கொண்டிருந்தது.

ஆகவே நடைமேடையில் அவருக்கு இடமில்லை. பலகையின் முன்விளிம்பில் தடத்தை ஒட்டி ஒரு மண்சாலைக்காக மூன்று அங்குலம் ஒதுக்கியிருக்கிறோம். அதில் ஒரு கட்டைவண்டியும், அதன் பின்னே கோலூன்றி நடக்கும் ஓர் உருவமும் வரும். வண்டிச் சக்கரத்தின் குறுக்களவு பதினைந்து மில்லிமீட்டர், ஆரக்கால்கள் பன்னிரண்டு. மூங்கில் சீவலில் ஏழு ஆரக்கால்கள் ஆகியிருக்கின்றன. மீதம் ஐந்து, பருவத்தேர்வு விடைத்தாள்கள் முடிந்தபின்.