கூடம் எங்கே போச்சு?

கும்பகோணத்திலிருந்து அம்மா எங்களோடயே இருக்க வந்துட்டாங்க. ஏ.எஸ்.ராவ் நகர்ல நமக்கு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவ அறையைக் கேட்க மனசு வரலை. "கூடத்துல ஒரு கட்டில் போடுடா, போதும்" என்றார் அம்மா. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்தால்தான் கட்டில் போட முடியும். "கட்டடம் விழுந்துடப் போகுது" என்பது தங்கமணியின் பயம்.

வீட்டுக்கடன் ஃபைல்களில் எத்தனையோ வரைபடம் பார்த்தவன் நான். எந்தச் சுவர் எடை தாங்குது, எது சும்மா நிக்குதுன்னு ஒருநாளும் யோசிச்சதில்லை. அதான் கொஞ்சம் பழைய கதையைத் தேடினேன்.

1914-ல் லெ கொர்பூசியே 'டொம்-இனோ'ன்னு ஒரு வீட்டை வரைந்தார். தூண், தளம், படிக்கட்டு, அவ்வளவுதான். எடை எல்லாம் தூண்மேல. சுவரை எங்கே வேணும்னாலும் வெச்சுக்கலாம். போரில் இடிந்த ஊர்களைச் சீக்கிரம் கட்டத்தான் இந்த யோசனை.

நம்ம நாட்டிலும் அதே அவசரம் வந்தது. பிரிவினை அகதிகளுக்காக, மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரை 1948-ல் மத்திய அரசு வீட்டுவசதி இயக்குநராக்கியது. டெல்லியில் ஒரு தொழிற்சாலை. கான்கிரீட் பலகைகளை அங்கே வார்த்து, மனையில் கொண்டுபோய்க் கோர்க்கணும். பலகைகள் விரிசல் விட்டன. திட்டம் நின்றது, 1951-ல் அவரும் கிளம்பிவிட்டார். தொழிற்சாலை மட்டும் பிழைத்து, 1978-ல் ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் ஆனது.

அந்தக் கனவு பலித்ததைப் பார்க்கணும்னா சென்னை பெரும்பாக்கம் போங்க. 2021 ஜனவரி 1 அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு: 1,152 வீடுகள். எல்லாம் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கோர்த்துக் கட்டினது.

ஆனா ஒண்ணு. வேகமாகக் கட்டின வீடெல்லாம் மாற்றக்கூடிய வீடு இல்லை. இப்போ ஹைதராபாத்தில் எழும் பல உயர் அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சு வெச்சு, சுவரையும் தளத்தையும் சேர்த்தே வார்க்கிறாங்க. அங்கே சுவரே எடை தாங்குது; கை வைக்கக் கூடாது. வாங்கும் முன் இதைக் கேளுங்க.

எங்க கட்டடம் பழசு. இன்ஜினியர் வந்து தூண், பீம் எல்லாம் பார்த்துட்டு, "நடுச்சுவர் வெறும் செங்கல் தடுப்பு" என்றார். சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து எடுத்தாச்சு.

கட்டில் போட்டதும் அம்மா கேட்டது: "மறைப்பு வேண்டாமாடா?"

ஊர்க் கூடத்தில் பகலில் பந்தி, ராத்திரி பாய்; உடம்பு முடியாதவங்க படுத்தா குறுக்கே ஒரு புடவை தொங்கும். அதை லெ கொர்பூசியே சொல்லலை :-) இப்போ எங்க ஹாலில் ஒரு திரை. பகலில் திறந்திருக்கும்.