வெறுந்தாளும் நம்மவர் சரித்திரமும்

எழுதத் தெரியாமையால் எழுதாதிருப்பவன் ஒருவன். எழுதத் தெரிந்தும், எழுதுதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று எண்ணி எழுதாதிருப்பவன் மற்றொருவன். இவ்விருவருள் பின்னவனே பெரிதும் இரங்கத்தக்கவன். ஜொகூரில் செம்பனைத் தோட்டமொன்றிலே கிராணி வேலை பார்க்கும் நாம், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடங் காட்டுகையில் அப்பின்னவனையே அடிக்கடி காண்கிறோம். "நான் மறவாத நாள்" என்னுந் தலைப்பைக் கொடுத்தால், பென்சிலைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் வெறுந்தாளை நோக்கியிருப்பான். பின்னர், குடும்பத்தோடு கடற்கரைக்கு உல்லாசப் பயணம் சென்றதாக மனப்பாடஞ் செய்த கட்டுரையொன்றை எழுதி நீட்டுவான். கடலை அவன் கண்டதே இல்லை.

இதனைச் சோம்பல் என்று தள்ளிவிடுதல் முறையன்று. தன் வாழ்வு தாளில் ஏறத்தக்கதன்று என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் ஊறிக் கிடக்கிறது. அவ்வெண்ணத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

ரப்பர் பெருகிய காலத்தில் தோட்டத் தொழிலாளியின் வாழ்வு ஏறிய புத்தகம் பெரும்பாலும் ஒன்றே, அதுவே செக்ரோல். விடியுமுன் பிரட்டிலே பெயர் கூப்பிடப்படும். வந்தானா, வரவில்லையா, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்பன மட்டும் அதிற் பதிவாகும். அவன் எவ்வூரினின்று வந்தான், எதற்கு அழுதான், எதற்குச் சிரித்தான் என்பவற்றிற்கு அதில் இடமில்லை. கூட்டு மலாய் நாடுகளில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரிருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென விதித்தது. அத்தகைய தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்ததுண்டு. பார்த்தெழுதவும் கணக்குப் போடவும் பிள்ளைகள் கற்றனர். தம்மைப்பற்றி எழுதலாம் என்று அவர்களுக்குச் சொல்வார் அரியர்.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். காலராவாலும் பசியாலும் அடியாலும் மாண்டவர் எண்ணிறந்தோர். அதே பாதையில் வதைபட்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுள் பலர் ஒளித்து வைத்தெழுதிய நாட்குறிப்புகளும், வரைந்த படங்களும், பின்னர் வெளியிட்ட நினைவு நூல்களும் இன்று நூலகங்களில் உள்ளன. நம்மவர் எழுதி வைத்தவையோ மிகச் சில. ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" என்னும் தமிழ் நாவல் நூலாக வெளிவந்தது 1993ஆம் ஆண்டில். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது! துன்பம் இருவர்க்கும் ஒன்றே. தாள்மட்டும் ஒருவர் பக்கமே நின்றது.

எழுத்தென்பது பெரியோர்க்கும் புலவர்க்குமே உரியது எனின், அதுவும் பொருந்தாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை புலவரல்லர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவந்த தமிழ் நாட்குறிப்பில் கப்பல் வந்ததும், வியாபாரம் நடந்ததும், ஊர் வதந்தியும், தம் மனக்குறையும் கலந்து கிடக்கின்றன. இன்று அக்காலத்தை அறிய விரும்புவோர் அவரைத் தேடிச் செல்கின்றனர். பிரான்சு தேசத்து மொந்தேன், தம்மையே பொருளாகக் கொண்டு எழுதியவற்றை 1580இல் வெளியிட்டபோது, அவற்றுக்கு "முயற்சிகள்" எனப் பொருள்படும் பெயரையே இட்டார். கட்டுரை என்பதே ஒரு முயற்சியாயின், முதல் வரியிலே பிழை நேருமென்று அஞ்சுவானேன்?

இவ்வச்சத்தைப் போக்க நம் நாட்டுப் பத்திரிகைகள் முன்னரே வழி கண்டன. 1950ஆம் ஆண்டில் கோலாலம்பூர்த் "தமிழ் நேச"னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் "கதை வகுப்பு" நடத்தினர். எழுதும் முறையைப் பாடமாக அச்சிட்டு, வாசகரை எழுதத் தூண்டிய அவ்வகுப்பு எழுத்தாளர் பலரை உருவாக்கியது. அப்பத்தாண்டிலேயே சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் "தமிழ் முரசு" மாணவர் மணிமன்றம் கண்டு, இளைஞர் எழுத்துக்கு இடமளித்தது. எழுதுந் திறம் பிறவியிலே வருவதன்று, பயிற்சியால் வருவது என்பதை அவர்கள் செயலில் காட்டினர்.

அவ்வழியை நாமும் சிறிய அளவிற் சோதித்தோம். கடற்கரைக் கட்டுரை எழுதிய சிறுவனைத் தாளை மூடச்சொல்லி, "உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் எது?" என்று கேட்டோம்.

"பாட்டியோட பித்தளைச் செம்பு, சார். அவங்க அப்பா சயாமுக்குப் போகும்போது விட்டுட்டுப் போனது. பாட்டி அப்போ கைக்குழந்தை. அவரு திரும்பி வரவே இல்லையாம்."

"இப்போது சொன்னாயே, இதை அப்படியே எழுது. பிழையைப் பிறகு பார்ப்போம்" என்றோம். அன்று எட்டு வரி எழுதினான். மறுநாள் பாட்டியிடம் கேட்டு வந்து இன்னும் பன்னிரண்டு வரி சேர்த்தான். எதனை முன் வைப்பது என்று அதன்பின்னரே ஆராய்ந்தோம். தொடக்க வரியைக் கடைசியிலே எழுதினான். செம்பில் ஒரு சொட்டை உண்டென்றும், அதைத் தட்டி நிமிர்த்தப் பாட்டி சம்மதிப்பதில்லை என்றும் அவன் எழுதியிருந்ததை எந்த மாதிரிக் கட்டுரையிலும் நாம் படித்ததில்லை.

ஆதலின் பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளை வெறுந்தாளின் முன் திகைத்திருக்கும்போது நல்ல வாக்கியம் ஒன்றை எடுத்துக் கொடாதீர்கள். நல்ல கேள்வி ஒன்றைக் கேளுங்கள். முதலில் பேசட்டும், பேசியதை எழுதட்டும், எழுதியதைப் பின்னர்த் திருத்தட்டும். தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, நம்மவர் பட்டணம் போய்ச் சேர்கின்றனர். சயாமுக்குப் போனவரை நினைவில் வைத்திருக்கும் பாட்டிமாரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். செக்ரோல் சொல்லாததைச் சொல்ல இனி அப்பிள்ளைகளே உளர்.