கடைமடையும் கப்பல்துறையும்

அரசலாறு கடலில் சேருமிடத்தில் மாலை வேளைகளில் போய் நிற்பது எனக்குப் பழக்கம். கோடையில் அங்கே ஆறு இருப்பதில்லை. கடல்தான் ஆற்றுக்குள் ஏறி வந்து நிற்கிறது. காரைக்கால் காவிரியின் கடைமடை. மழை பொய்த்தால், மேலே தண்ணீர் நின்றால், அது இங்கே முதலில் தெரியும். இந்த உப்பு நீரைப் பார்க்கையில், இங்கிருந்து கப்பலேறியவர்களைப் பற்றி நாம் சொல்லிவரும் கதை உறுத்துகிறது. மழை இல்லை, பஞ்சம் வந்தது, போனார்கள் என்பது அந்தக் கதை.

சரித்திரம் இவ்வளவு நேரானதல்ல. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதி இந்தியக் கூலிகளோடு மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. 1861 உடன்படிக்கை பிரிட்டிஷ் பிரஜைகளையும் பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியே அனுப்ப அனுமதித்தது: ஐந்து வருஷ ஒப்பந்தம், முடிவில் இலவசத் திரும்புபயணம். குவாதலூப்புக்கு மட்டும் போனவர்கள் ஏறத்தாழ 42,000 பேர்.

இடையில் வந்தது 1876–78இன் தாது வருஷப் பஞ்சம். அதன் கொடுமை மிகுந்திருந்தது சேலம், கோயமுத்தூர், வடஆற்காடு போன்ற வானம் பார்த்த சீமைகளில். வாய்க்கால் பாசனமிருந்த தஞ்சை ஓரளவு தப்பியது. பசித்தவர்கள் அதை நோக்கி நடந்து வந்தார்கள். ஆக, இந்தக் கடற்கரை தன் வறட்சியை மட்டும் கப்பலேற்றிவிடவில்லை.

நெல் விளைந்த டெல்டாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மழை மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் சேர்ந்துதான் பொய்த்தது. மிராசுதாருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது. பண்ணையாளுக்கு இருந்தது கடன். அப்புறம் முன்பணத்தோடு வந்த மேஸ்திரி. வானம் அவனைத் தள்ளியிருக்கலாம். எங்கே போய் விழுவது என்பதை வானம் தீர்மானிக்கவில்லை.

அவர்கள் கொண்டுபோனது தெய்வங்களை. குவாதலூப்பில் மாரியம்மன் 'மாலியெமென்' ஆனாள். காரைக்காலுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்திலுள்ள நாகூர் ஆண்டவர் மார்த்தினிக்கில் 'நாகுமிலா' ஆனார். பேச்சிலிருந்து தமிழ் உதிர்ந்த பிறகும் இந்தப் பெயர்கள் உதிரவில்லை.

1882இல் ரீயூனியனுக்கும் 1888இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. போவது நிற்கவில்லை. 2004இல் சுனாமி வயல்களில் உப்பை விட்டுச் சென்றது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. காவிரியில் புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. என்று 2007இல் நடுவர் மன்றம் எழுதியது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. தண்ணீருக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அந்தத் தண்ணீர் வராத வருஷத்தில் நடவு வேலை இழந்தவளுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

இன்று போகிறவன் ஒப்பந்தக் கூலி அல்ல; இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் நிலமுள்ளவன் நிவாரண மனு எழுதுகிறான், நிலமில்லாதவன் திருப்பூர் பஸ் ஏறுகிறான். அன்று கப்பலேறியவனின் பெயரைத் தீவுப் பதிவேடுகள் பிழையாகவாவது எழுதி வைத்தன. பஸ் ஏறியவனின் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவன் போனதற்குக் காரணம் மழை என்று மட்டும் நாளை நாம் எழுதுவோம்.