டிராம்பே வழியில் சில ஆராய்ச்சிகள்

டிராம்பே என்றவுடன் அணு உலையின் குவிமாடமே நம் கண்முன் நிற்கும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம் இல்லங்களில் ஆராய்ச்சி என்னும் சொல்லுக்கே அதுதான் பொருளாகிவிட்டது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கே கலைப்பாடம் என்பதும் நாமே வகுத்துக்கொண்ட விதி.

அதே சயான்–டிராம்பே சாலையில், தேவனாரில், 1954 முதல் டாட்டா சமூக அறிவியல் நிலையம் இயங்கி வருகின்றது. 1936இல் நாக்பாடாவில் சமூகப் பணிப் பள்ளியாகத் தோன்றியது அது. தாராவியில் நம்மவர் வாழும் வாழ்வும் அறிஞர் ஆய்தற்குரியதே என்பது சிறு செய்தியன்று.

கணிப்பொறியும் இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. 1969இல் இங்கு உருவான டி.டி.சி. 12 தன் பெயரிலேயே டிராம்பேயைத் தாங்கியது. அதற்கு முன்பே, டிராம்பேயை நிறுவிய ஹோமி பாபா கொலாபாவில் வளர்த்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் வழிநடத்திய குழு 1960இல் டிஃப்ராக் கணிப்பொறியை இயக்கிக் காட்டிற்று.

தமிழர் நெஞ்சிற்கு நெருக்கமானது வேறொன்று. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளை அக்கொலாபா நிலையத்தின் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். எழுத்துப் பொறித்த 2906 பொருள்கள், 417 குறிகள். எக்குறி எதனருகில், எத்தனை முறை வருகின்றது என்னும் அட்டவணைகள் 1977இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் நூலாக வெளிவந்தன. அம்மொழி திராவிடமே என்று கருதியவர் அவர். ஆயினும் அக்கருத்தை அட்டவணைக்குள் நுழையவிடாது, மறுப்போரும் எடுத்தாளும் கருவியாகவே அதனைத் தந்தார். நாம் வியப்பது இந்நேர்மையைத்தான். 2009இல் அந்நிலையத்தாரும் பிறரும் அவருடன் இணைந்து, குறிகளின் வரிசையொழுங்கு மொழிகளின் ஒழுங்கை ஒத்துள்ளது என ‘சயின்ஸ்’ இதழில் எழுதியபோதும் அடித்தளமாய் நின்றது அவ்வட்டவணையே. எழுத்தோ இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை.