கோயில் நெல்லும் என் எம்.ஏ. பட்டமும்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "சரித்திரம் படித்தவள் நீ, சரித்திரமாகவே எழுது" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நம் கல்லூரி எப்படி உண்டானது என்பதை நான் தெரிந்துகொண்ட கதையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதைத் தெரிந்துகொள்ள எனக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் வரை போக வேண்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியில் 1988ல் பி.ஏ. வரலாறு முடித்தேன். ஆனி, ஆடியில் சாரல் ஜன்னல் வழியே நோட்டுப் புத்தகத்தை நனைக்கும். ஊரெல்லாம் அருவிக்கு வரும், நாமோ அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பானிபட் யுத்தம் படிப்போம். மேலே என்ன படிப்பது என்று வந்தபோது, எம்.ஏ. பொது நிர்வாகம் என்றேன். அப்பாவுக்குப் புரியவில்லை. "டீச்சர் படிப்புன்னா தெரியும், நர்ஸ் படிப்புன்னா தெரியும். இது என்ன சோலிக்குப் பிள்ளே?" என்றார். ஐ.ஏ.எஸ். தேர்வில் 1987 முதல் இதையும் விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அப்பா சம்மதித்தார். கொல்லம் மெயிலில், தகரப்பெட்டியும் முறுக்கு டப்பாவுமாக மெட்ராஸ் போய் இறங்கினேன்.

அந்தப் பாடத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நிர்வாகத்தைத் தனியாக ஆராய வேண்டும் என்று 1887ல் கட்டுரை எழுதிய உட்ரோ வில்சன் பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியானவர். நம் நாட்டில் இதற்கு முதலில் இடம் கொடுத்தவற்றுள் சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்று. 1937லேயே பொது நிர்வாகத்தில் டிப்ளமா தொடங்கியது. நாகபுரியில் தனித் துறை வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்கர் 1953ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1954ல் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் ஏற்பட்டது. இன்று 'பொதுக் கொள்கை' என்ற பெயரில் பல இடங்களில் முதுகலைப் படிப்பு நடக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படைக் கேள்விகள் மூன்றுதான்: யார் தீர்மானித்தார்கள்? யார் பணம்? யாருக்குப் பலன்?

முதல் வாரத்திலேயே பேராசிரியர் ஒருவர் என்னிடம் அதைக் கேட்டுவிட்டார். "எந்தக் காலேஜ்ம்மா?" சொன்னேன். "அதை யார் கட்டினது?" "கவர்ன்மென்ட், சார்." "எந்தப் பணத்தில்?" எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருஷம் ஒரு கட்டடத்தில் இருந்துவிட்டு, அது யார் கொடுத்தது என்று தெரியாமல் வந்திருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது. "அதையே ஆய்வுக் கட்டுரையாக எழுது" என்றார்.

தேடப் போனால், கதை தென்காசிக் கோபுர வாசலிலேயே ஆரம்பிக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறான். இக்கோயில் பழுதுபட்டால் அதைத் திருத்திக் காப்பவர் யாராயினும் அவர்களை நான் இப்போதே வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. பொதுச் சொத்தைக் கட்டுவது பாதிதான், பின்வருகிறவர் காப்பது மீதி என்று அந்த ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது.

கோயிலுக்கு எழுதிவைத்த நிலங்களைக் காப்பது யார்? கும்பெனியார் 1817ஆம் வருஷத்து ஏழாம் ரெகுலேஷன் மூலம் அந்தப் பொறுப்பை ரெவின்யூ போர்டிடம் கொடுத்தார்கள். 1863ல் சர்க்கார் கையைக் கழுவிக்கொண்டு, கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டுவிட்டது. கணக்குக் கேட்பார் குறைந்தது, புகார்கள் பெருகின. பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சியில்தான் 1925ல் இந்து அறநிலையச் சட்டம் வந்து, போர்டு ஒன்று அமைந்தது. நம் குற்றாலத்தில் வாழ்ந்து 1954ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. அவர்களை இலக்கிய ரசிகராக எல்லோருக்கும் தெரியும். 1930களில் அந்த அறநிலைய போர்டில் கமிஷனராக இருந்தவரும் அவரே என்பது எனக்கு அப்போது புதுச் செய்தி.

1951ல் அது அரசுத் துறையாயிற்று. 1954ல் சிரூர் மட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சில பிரிவுகளைச் செல்லாது என்றது. அதன்பின் வந்ததுதான் இன்றும் நடப்பிலுள்ள 1959ஆம் வருஷத்துச் சட்டம். கோயில் தேவைகள் போக மிஞ்சும் உபரி நிதியை, கமிஷனர் அனுமதியோடு, சட்டம் சொல்லும் காரியங்களுக்குச் செலவிடலாம் என்று அதில் ஒரு பிரிவு. இந்து சமயக் கல்விக்கு இடமளிக்கும் கல்லூரி நடத்துவதும் அக்காரியங்களில் ஒன்று. பழனியில் ஆண்டவர் பெயரில் கல்லூரி எழுந்தது. 1965ல் குழித்துறையில் ஸ்ரீ தேவி குமரி மகளிர் கல்லூரி. இடையே 1964ல், பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்தபோது, குற்றாலத்தில் நம்முடையது. நடத்தியது அறநிலையத் துறை. பிறகு சம்பளத்துக்கு அரசு மானியம். பரீட்சை நடத்த முதலில் சென்னை, பிறகு மதுரை, 1990க்குப் பின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இத்தனை பேர் கைகொடுத்துத்தான் நமக்கு ஒரு வகுப்பறை.

மார்கழி லீவில் ஊருக்கு வந்து இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கோயில் நிலம் குத்தகைக்குப் பயிரிட்டவர். பொது அறக்கட்டளை நிலங்களுக்கு 1961ல் சட்டம் வந்து நியாயக் குத்தகை வரையறுத்தாலும், களத்தில் நெல் அளக்கும்போது அவர் முனகாத வருஷம் கிடையாது. "சாமிக்கு என்னத்துக்கு இத்தனை கோட்டை நெல்லு?" என்பார். அன்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ, நான் அளந்த நெல்லும் சேந்துதான் உனக்குப் பாடம் சொல்லிக் குடுத்துச்சுங்கியா?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்கப்பா."

"பக்கத்துல பொம்பளப்பிள்ள காலேஜ் இல்லைன்னா உன்னையப் பன்னிரண்டாவதோட நிறுத்தியிருப்பேன். அது நெசம்" என்றார்.

அந்த வாக்கியத்தை என் ஆய்வுக் கட்டுரையில் எழுத முடியவில்லை. ஆனால் பலன் யாருக்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

கோயில் பணம் கோயிலுக்கே ஆகவேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விளக்கு எரியாத கோயில் இருக்கும்போது எதை உபரி என்பது? 2021ல் சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் பெயரில் கல்லூரி தொடங்கியபோதும் இதே கேள்வி உயர் நீதிமன்றம் ஏறியது. அனுமதியில்லாமல் மேற்கொண்டு புதிய கல்லூரி தொடங்கக் கூடாது, சமய வகுப்பு நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. என்னைக் கேட்டால், கணக்கு பகிரங்கமாக இருக்கட்டும், கோயிலும் பழுதில்லாமல் இருக்கட்டும், பெண்பிள்ளைகளும் படிக்கட்டும் என்பேன். மூன்றையும் சேர்த்துச் செய்வதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

1990 ஜூனில், பரீட்சை முடிந்து வந்த சமயம், தென்காசிக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு. தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றதை, சிவந்தி ஆதித்தனார் முன்னின்று, பலர் கொடை சேர்த்து எழுப்பியிருந்தார்கள். அப்பாவோடு கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். "ராஜா கும்பிட்டது வீண் போகல" என்றார் அப்பா.

ஐ.ஏ.எஸ். எழுதினேன்; கிடைக்கவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். 2019 நவம்பர் 22ல் தென்காசி தனி மாவட்டமானபோது, திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி அலைந்த மனுக்காரர்களை நினைத்துக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால், "இதை யார் தீர்மானிச்சா?" என்று என்னிடமே கேட்டிருப்பார்.

தோழியரே, நம்மை யாரோ முகம் தெரியாதவர்கள் படிக்க வைத்தார்கள்: நிலம் எழுதிவைத்தவர், நெல் அளந்தவர், கோப்பில் கையெழுத்திட்டவர். இந்த ஒன்றுகூடலில் சங்கத்தின் உதவித்தொகை நிதிக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவோம். இனி வரும் எந்தப் பெண்ணையும் பன்னிரண்டாவதோடு நிறுத்தாமல் காப்பவர் யாரோ, அவர்களுக்கு என் வணக்கத்தையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.