அறுபது சென்ட் தேன்

மார்க்கஸ் வாரோ தன் விவசாய நூலை எழுதியது கி.மு. 37-இல். அப்போது அவருக்கு வயது 80-ஐ ஒட்டி. அந்த நூலில் தேனீக்கள் பற்றிய பகுதியில் இரண்டு சிப்பாய்கள் வருகிறார்கள். ஸ்பெயினில் அவருக்குக் கீழே வேலை பார்த்த வெயானியஸ் சகோதரர்கள். அப்பா விட்டுப்போனது ஒரு சின்ன வீடும் ஒரு யூகரம் நிலமும். நம்ம கணக்கில் சுமார் 60 சென்ட். அதை வைத்துக்கொண்டு என்ன பண்ண முடியும்?

வீட்டைச் சுற்றித் தேன்கூடுகள் வைத்தார்கள். ஒரு சிறு தோட்டம் போக மீதி இடமெல்லாம் தைம், சைட்டிசஸ், எலுமிச்சை வாசம் அடிக்கும் பாம் செடி. வருஷத்துக்குச் சராசரியாக 10,000 செஸ்டர்ஸுக்குக் குறையாமல் தேன் வருமானம்.

60 சென்ட் பூவால் அத்தனை தேனீக்களுக்கும் வயிறு நிறையாது. அவை கிலோமீட்டர் கணக்கில் பறந்து மேய்பவை. வெளியே பூ குறையும் நாட்களுக்குத்தான் இந்தத் தோட்டம் என்பது என் ஊகம்.

அந்த நாட்கள் எவ்வளவு மோசமானவை என்பதை அடுத்த நூற்றாண்டில் கொலுமெல்லா எழுதுகிறார். குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்த தேனீக்கள், வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும் கள்ளி இனச் செடியிலும் எல்ம் மரத்திலும் போய் விழுந்து, அளவில்லாமல் தின்று, வயிற்றுப்போக்கில் சாகின்றன. மாதுளை விதையை இடித்து ஒயின் தெளித்துக் கொடுக்கச் சொல்கிறார். மருந்து பலித்ததோ என்னவோ, பசித்தவன் முதலில் கிடைத்ததைத்தான் தின்பான் என்பதை மனுஷன் சரியாகப் பார்த்திருக்கிறார்.

தேனீக்களுக்காக வளர்க்க வேண்டியவை என்று அவர் தரும் பட்டியல் மாத வரிசையில் இல்லை. நான் அடுக்கிப் பார்த்தேன். குளிர் முடியும்போதே பூப்பது பாதாம். நடுக்கோடையில் தைம், தேனின் ருசிக்கு அதுதான் முதலிடம். கடைசியில் ஐவி கொடி. அதன் தேன் உசத்தி இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார், நிறையக் கிடைக்கும் என்பதற்காகச் சேர்க்கிறார். ஆனால் ஐவி பூப்பது இலையுதிர் காலத்தில், மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகு! நாமோ ஒருநாள் நர்சரிக்குப் போய் அன்றைக்குப் பூத்து நிற்பதை மட்டும் வாங்கி வருகிறோம்.

போ நதிக்கரையில் ஹொஸ்டிலியா என்ற ஊரில் வேறு வழி வைத்திருந்தார்கள். பூ தீர்ந்ததும் கூடுகளைப் படகில் ஏற்றி, ராத்திரியில் ஐந்து மைல் மேலே கொண்டுபோவார்களாம். பாரத்தில் படகு தாழ்ந்தால் தேன் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிளினி சொல்வது.

சிப்பாய்களிடம் படகு இல்லை, செடிகள் இருந்தன. தேனை அவசரப்பட்டும் விற்கவில்லை. நல்ல விலையோடு வியாபாரி வரட்டும் என்று காத்திருப்பார்களாம்.