50 வருஷ ஆல்பத்தை மாற்றிய ரோஜர் வாட்டர்ஸ்: ரசிகர்கள் மோதுவது ஏன்?

1973-ல் பிங்க் ஃபிளாய்ட் குழு வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', ராக் இசையின் கிளாசிக். 1985-ல் குழுவை விட்டு விலகிய ரோஜர் வாட்டர்ஸ், 2023 அக்டோபரில், தன் 80 வயசில், அதே ஆல்பத்தைத் தனியாக மறுபதிவு செய்து வெளியிட்டார்.

என்ன மாறியிருக்கு?
டேவிட் கில்மரின் கிட்டார் சோலோக்கள் இல்லை. கிளேர் டோரியின் குரல் வார்த்தையே இல்லாமல் உச்சத்தில் ஒலித்த இடத்தில், வாட்டர்ஸ் தாழ்ந்த குரலில் பேசுகிறார்.

எதிர்ப்பு: நாலு பேர் சேர்ந்து உருவாக்கிய இசைக்கு ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாடலாமா?

ஆதரவு: பாடல் வரிகள் எல்லாம் வாட்டர்ஸ் எழுதியவைதான். காலம், பணம், மரணம் பற்றி இருபதுகளில் எழுதியதை, முதியவரின் குரலில் கேட்டால் அர்த்தமே வேற.

வாட்டர்ஸ் சொல்வது?
இது பழைய ஆல்பத்துக்கு மாற்று இல்லை.